ஃபூஜியைப் பார்க்க ஒரு நாள்: ஒரு பேருந்துச் சுற்றுலாவின் நிகழ்வு ஆய்வு

டோக்கியோவிலிருந்து ஃபூஜி மலைக்கு ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா நடத்தும் நிறுவனங்கள் ஏராளம். விளம்பரப் படம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: முன்னால் சிவப்பு ஐந்தடுக்குக் கோபுரம், பின்னால் உச்சியில் பனி மூடிய மலை. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். வானிலை காரணமாக மலை தெரியாமல் போனால் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. படத்தைப் பார்த்துப் பணம் கட்டுபவர்களில் பாதிப்பேர் அந்த வரியைப் படிப்பதில்லை. படித்தவர்களும் அது மற்றவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை நடந்த அப்படியொரு சுற்றுலாவைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கும் மாமாவுக்கும் மலையைக் காட்ட வேண்டும். இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள், மாமாவுக்கு முழங்கால் வலி வேறு. ரயில், உள்ளூர்ப் பேருந்து என்று மாறி மாறி ஏறி இறங்குவதைவிட வழிகாட்டியோடு போகும் பேருந்து நல்லது என்று தலைக்குப் பத்தாயிரம் யென் சுற்றுவட்டாரத்தில் ஒரு சீட்டு எடுத்தோம். அன்றைக்கு மலையும் தெரிந்தது, ஏமாற்றமும் இருந்தது. எது எதனால் என்று பார்த்தால், மலைக்குப் போவது ஒரு வேலை, மலையைப் பார்ப்பது இன்னொரு வேலை என்பதும், விற்கப்படும் நிகழ்ச்சி நிரல்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன என்பதும் தெரிகிறது.

விற்கப்பட்ட திட்டம்

காலை 7.40-க்கு டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் கிளம்ப வேண்டும். முதலில் ஃபூஜியின் ஐந்தாம் நிலையம், பிறகு மதிய உணவு, கவாகுச்சி ஏரிக்கரையில் ஒயிஷி பூங்கா, அரகுராயாமா பூங்காவின் சுரெய்தோ கோபுரம், ஒஷினோ ஹக்காய் ஊற்றுக் குளங்கள், மாலை 6.30-க்குத் திரும்ப ஷின்ஜுகு. ஒரே நாளில் நான்கு இடம். காகிதத்தில் பார்க்க நிறைவாக இருக்கும்.

இடங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஃபூஜி 3776 மீட்டர் உயரம். யாமானாஷி, ஷிசுவோகா என்ற இரண்டு மாகாணங்களின் எல்லையில் நிற்கிறது. உயிருள்ள எரிமலைதான். கடைசியாக வெடித்தது 1707 டிசம்பரில். அப்போது சாம்பல் இன்றைய டோக்கியோ வரை வந்து விழுந்தது. 2013-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது, அதுவும் இயற்கைச் சின்னமாக இல்லை, பண்பாட்டுச் சின்னமாக. கும்பிடும் மலை, வரையும் மலை என்பதற்காகக் கிடைத்த பட்டம் அது.

மலையேறும் பாதைகளைப் பத்து நிலையங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வண்டி போகக்கூடிய கடைசி இடம் ஐந்தாம் நிலையம். யாமானாஷி பக்கம் அது 2305 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போகும் சுபாரு லைன் என்ற கட்டணச் சாலை 1964-ல் திறக்கப்பட்டது. அந்தச் சாலையில் ஓரிடத்தில் தளத்தில் வரிவரியாகக் கீறி வைத்திருக்கிறார்கள். சீரான வேகத்தில் டயர் உருண்டால் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு கேட்கிறது. அத்தைக்கு அன்றைக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான்.

டங்கோசாக்காவில் எடுத்த முடிவு

சனிக்கிழமை காலை சூவோ விரைவுச்சாலையில் மலைப்பக்கம் போகும் வண்டிகள் நெரிசலில் நிற்பது வழக்கம். கொபொதொகே சுரங்கப்பாதையை ஒட்டிய ஏற்றம் அதற்குப் பேர்போன இடம். சாலை மெதுவாக ஏறுவது ஓட்டுபவர்களுக்குத் தெரிவதில்லை, வேகம் தானாகக் குறைகிறது, பின்னால் வருபவர் பிரேக் போடுகிறார், அது வரிசையாகப் பின்னோக்கிப் பரவுகிறது. எங்கள் பேருந்தும் அங்கே அரைமணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தது.

அப்புறம் டங்கோசாக்கா சேவை நிலையத்தில் கழிப்பறைக்காக நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி ஓடியபோது வழிகாட்டி மட்டும் பேருந்துப் படிக்கட்டில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும் ஜப்பானியப் பெண்மணி. எட்டிப் பார்த்தேன். கவாகுச்சி ஏரி, யாமானாகா ஏரி, ஃபூஜியோஷிதா என்று பல இடங்களில் மலையை நோக்கி நேரடிக் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அவர் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார். மலை முழுதாகத் தெரிந்தது. ஆனால் வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே பஞ்சு போல ஒரு துண்டு மேகம் ஒட்டியிருந்தது. அதைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஓட்டுநரோடு இரண்டு நிமிடம் பேசினார், அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு. பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்: வரிசையை மாற்றுகிறோம். கடைசிக்கு முன்னால் இருந்த அரகுராயாமா முதலில், அடுத்து ஒயிஷி பூங்கா, பிறகு சாப்பாடு, அதற்குப் பிறகுதான் ஐந்தாம் நிலையம்.

பின் இருக்கையில் ஒருவர் உடனே எழுந்துவிட்டார். இணையத்தில் ஐந்தாம் நிலையம்தான் முதலில் என்று போட்டிருந்தது, மேலே போவதற்காகத்தான் பணம் கட்டினேன் என்றார். வழிகாட்டி குரலை உயர்த்தாமல், "ஐந்தாம் நிலையம் மதியமும் அங்கேயேதான் இருக்கும். மதியம் மலை தெரியுமா என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார், சமாதானமாகவில்லை.

ஒட்சுகியில் சாலை பிரிந்து கவாகுச்சி பக்கம் திரும்பியதும், கொஞ்ச தூரத்தில் முன் கண்ணாடி முழுக்க மலை வந்து நின்றது. பேருந்தில் ஒரு கணம் பேச்சே இல்லை. பிறகு எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

காலை ஏன் முக்கியம்

வழிகாட்டியின் முடிவுக்குப் பின்னால் இருப்பது சாதாரண இயற்பியல். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது. சரிவை ஒட்டிய காற்று மேலே ஏறுகிறது. போகப்போகக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. தனியாக நிற்கும் உயரமான மலைக்கு இது நாள்தோறும் நடக்கும். அதனால் விடியற்காலையில் பளிச்சென்று இருந்த ஃபூஜி பத்து, பதினோரு மணிக்கு இடுப்பில் மேகத்தைக் கட்டிக்கொண்டு மதியத்தில் காணாமல் போவது சகஜம். கோடையில் பசிபிக் பக்கமிருந்து ஈரக்காற்று வருவதால் இது இன்னும் மோசம். ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் மலை முகம் காட்டாது.

குளிர்காலத்தில் கதை வேறு. சைபீரியப் பக்கமிருந்து வரும் வடமேற்குக் காற்று ஜப்பான் கடலோரத்தில் ஈரத்தையெல்லாம் பனியாகக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. டிசம்பர், ஜனவரி காலைகளில் மலை தெரியாத நாள்தான் குறைவு. அந்தப் பருவத்தில் 100 கிலோமீட்டர் தள்ளி ஷின்ஜுகுவில் உள்ள டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடியிலிருந்தே ஃபூஜி தெரியும். 202 மீட்டர் உயரம், கட்டணம் கிடையாது. இதைச் சுற்றுலா நிறுவனங்கள் சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு மேகமே வானிலை அறிக்கை. உச்சிக்கு மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி வழுவழுப்பான மேகம் நின்றால் மழை வரப்போகிறது என்பார்கள். உயரத்தில் ஈரக்காற்று வலுவாக வீசும்போது வருவது அது. அழகாக இருக்கும், படம் எடுக்கலாம். ஆனால் அன்றைய மதியத்தை நம்பக் கூடாது.

இன்னொன்று வெளிச்சம். இதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. கவாகுச்சி ஏரியும் அரகுராயாமாவும் மலைக்கு வடக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து மலையைப் பார்ப்பதென்றால் தெற்கே பார்க்கிறோம். நவம்பர், டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்வாகப் போகும். உச்சி வேளையில் அது மலைக்கு மேலேயே வந்து நிற்கும். மேகமே இல்லாவிட்டாலும் மலை நீலச் சாம்பல் நிழலாகத்தான் தெரியும், படத்தில் வானம் வெளுத்துப்போகும். காலையில் கிழக்குச் சரிவில் வெயில் சாய்வாக விழும்போதுதான் பனிக்கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன.

பனி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அக்டோபரில் வருபவர்கள் வெள்ளை உச்சியை எதிர்பார்க்கிறார்கள். சராசரியாக அக்டோபர் தொடக்கத்திலேயே முதல் பனி தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 2024-ல் நவம்பர் 7 வரை உச்சி மொட்டையாகவே இருந்தது. 1894-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு தாமதமானது அதுவே முதல்முறை. முதலில் விழும் பனியும் நாலு நாள் வெயிலில் உருகிவிடும். விளம்பரப் படத்தில் இருக்கும் மலை வேண்டுமென்றால் நவம்பர் கடைசிக்குப் பிறகு வருவது நல்லது.

அரகுராயாமாவில் ஐம்பத்தைந்து நிமிடம்

10.15-க்கு இறங்கினோம். சுரெய்தோ கோபுரம் பழங்காலத்துக் கோயில் என்று பலர் நினைக்கிறார்கள். போரில் இறந்தவர்களின் நினைவாக 1963-ல் கட்டியது. அதற்கு 398 படி ஏற வேண்டும். பக்கத்தில் வளைந்து போகும் சரிவுப் பாதையும் இருக்கிறது, தூரம் அதிகம், முழங்காலுக்கு நல்லது.

வழிகாட்டியின் திறமையை இங்கே கிட்டத்தில் பார்த்தேன். அவரிடம் அட்டையில் செய்த ஒரு கடிகாரம் இருந்தது, முட்களைக் கையால் திருப்பலாம். 11.10 என்று வைத்து, பேருந்துக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். இறங்கும் ஒவ்வொருவரும் அதைக் கண்ணால் பார்த்த பிறகே வழிவிட்டார். எங்கள் பேருந்தில் பல மொழிக்காரர்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்று காதில் மாறி விழுந்தாலும் முள் மாறாது.

மாமாவைப் பார்த்ததும் அவராகவே வந்து சொன்னார்: மேலே ஏற வேண்டாம், கீழே உள்ள கோயில் முற்றத்துக்குப் போங்கள், அங்கே சிவப்பு தோரண வாயில் இருக்கிறது, படியில் நின்று அதன் வழியாகப் பாருங்கள். மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அத்தையும் நானும் சரிவுப் பாதையில் ஏறி, கூட்டத்தில் கழுத்தை நீட்டிக் கோபுரத்தோடு மலையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, மாமா வாயிலுக்கு நடுவே மலை நிற்கும்படி நிதானமாகப் பத்துப் பதினைந்து படம் எடுத்து வைத்திருந்தார். எங்கள் படங்களில் அடுத்தவர் தலைதான் அதிகம்.

இரண்டு பேர் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தார்கள். எல்லோரும் முணுமுணுத்தோம். இந்தப் பேருந்துகள் ஏன் இப்படி நேரத்தைப் பிடித்துத் தொங்குகின்றன என்று அதுவரை எனக்கும் எரிச்சல் இருந்தது. காரணம் ஓட்டுநரின் வேலை நேரம். ஜப்பானில் பேருந்து ஓட்டுநர் வேலைக்கு வந்ததிலிருந்து முடிக்கும் வரை அடிப்படையில் 13 மணி நேரம்தான், நீட்டினாலும் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொடர்ந்து ஓட்டுவதற்கும் தனிக் கணக்கு. 2016 ஜனவரியில் கருய்சாவாவில் பனிச்சறுக்குச் சுற்றுலாப் பேருந்து சாலையை விட்டு உருண்டு 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அதற்குப் பிறகு வாடகைப் பேருந்துகள் மீதான கண்காணிப்பு கடுமையானது. காலையில் யாரோ தொலைக்கும் பன்னிரண்டு நிமிடத்தை மாலையில் வேகமாக ஓட்டி ஈடுகட்ட முடியாது. இன்னொரு இடத்திலிருந்துதான் வெட்ட வேண்டும்.

மேகம் வந்த பிறகு

ஒயிஷி பூங்காவில் 11.45-க்கு இறங்கியபோது துண்டு மேகம் பட்டையாகிவிட்டது. உச்சி மட்டும் தனியாக மிதந்தது. சிலருக்கு அந்தக் கோலம்தான் பிடித்தது. ஏரியில் அலை இருந்ததால் தண்ணீரில் மலையின் பிம்பம் விழவில்லை. அது அதிகாலை காற்றில்லாத நேரத்தில் கிடைப்பது, டோக்கியோவிலிருந்து அன்று காலை கிளம்பி வருபவர்களுக்கு வாய்ப்பதில்லை.

அங்கிருந்து போகும் வழியில் ஒருவர், அந்த லாசன் கடைக்குப் பேருந்து நிற்குமா என்று கேட்டார். ஏரிக்கரையில் உள்ள கவாகுச்சிகோ ஊரில் ஒரு லாசன் கடையின் கூரைக்கு மேல் ஃபூஜி உட்கார்ந்த மாதிரி தெரியும். அதைப் படம் எடுக்க ஆட்கள் நடுரோட்டில் நிற்கவும், எதிரில் இருந்த பல் மருத்துவமனை வாசலை மறிக்கவும் ஆரம்பித்ததால், 2024 மே மாதம் ஊராட்சி 2.5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டியது. ஆகஸ்டில் புயலுக்காகக் கழற்றினார்கள், திரும்பக் கட்டவில்லை. வழிகாட்டி, "நிற்காது" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். சரியான பதில்.

மதிய உணவு ஹோதோ, பூசணிக்காய் போட்ட தடித்த நூடுல்ஸ், யாமானாஷியின் சொந்தச் சாப்பாடு. காய்கறிதானே என்று சைவக்காரர்கள் நம்பிவிடக் கூடாது, குழம்பு பெரும்பாலும் மீன் சாற்றில் வைத்தது. முன்பதிவின்போதே சைவம் என்று எழுதி, மீன் சாறும் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும். அத்தை கட்டிக்கொண்டு வந்திருந்த எலுமிச்சைச் சாதத்தை வாகன நிறுத்தத்தில் நின்று சாப்பிட்டோம். உணவகத்துக்குள் வெளிச்சாப்பாடு கூடாது.

சாப்பிட்டு முடித்தபோது மலை இல்லை. இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர்.

ஐந்தாம் நிலையம்

2.20-க்கு மேலே போய்ச் சேர்ந்தோம், மேகத்துக்கு உள்ளே. கதவு திறந்ததும் குளிர் அறைந்தது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஷின்ஜுகுவில் 15 இருந்தால் இங்கே ஒன்றிரண்டு டிகிரிதான். மெல்லிய சட்டையோடு வந்த இளவட்டங்கள் நேராகக் கடைக்குள் ஓடினார்கள். காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால்வாசிதான். மாமா நாற்பதடி நடந்து நின்று மூச்சு வாங்கினார். ஒரு மணி நேரத்துக்குள் ஏரிக்கரையிலிருந்து இவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் வயதானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த நிறுத்தத்துக்கு வரக் கூடாது. இதையும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடலாம்.

அத்தை நாலாபக்கமும் பார்த்தார்.

"மலை எங்கடா?"

"இதுதான் அத்தை. அதுமேலதான் நிக்கறோம்."

"காலையில பாத்தோமே, அது?"

"அதேதான்."

"மேலயே நின்னுக்கிட்டு எப்படிடா பாக்கறது? இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தாங்க?"

அத்தை கேட்டதில் தப்பே இல்லை. ஃபூஜியின் புகழே அதன் வடிவத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இறங்கும் அந்தக் கோடு தெரிய வேண்டுமானால் தள்ளி நிற்க வேண்டும். ஐந்தாம் நிலையத்தில் தெளிவான நாளில்கூட அண்ணாந்து பார்த்தால் தெரிவது செம்மண் நிறத்தில் ஒரு சரிவும் கொஞ்சம் பனியும்தான். கீழே ஏரிகள் தெரியும், மேகக்கடல் தெரியும், கொமிதாகே என்ற கோயில் இருக்கிறது. அதெல்லாம் நல்ல அனுபவம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வேறு அனுபவம். உடலால் மலையைத் தொட்டேன் என்று சொல்ல ஆசைப்படுபவர்களுக்கு உரியது. பின் இருக்கைக்காரர் அப்படிப்பட்டவர். அவருக்கு அன்றைக்கு நிஜமாகவே நஷ்டம். முதல் திட்டப்படி போயிருந்தால் 11 மணிக்கு மேகம் வருமுன் மேலே நின்றிருப்பார். வழிகாட்டி ஒருவரின் நஷ்டத்தில் நாற்பது பேருக்கு மலையைக் காட்டினார். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், ஆனால் பின் இருக்கைக்காரரின் கோபத்தையும் தள்ளிவிட முடியாது.

முதல் திட்டம் அப்படியே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10.45-லிருந்து 11.25 வரை ஐந்தாம் நிலையம், 12.30-க்குச் சாப்பாடு, 1.45-க்கு ஒயிஷி பூங்கா, 2.45-க்கு அரகுராயாமா. இரண்டு இடத்திலும் சாம்பல் சுவர். மலையின் முழு வடிவத்தை ஒட்சுகியைத் தாண்டி பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. அதே நான்கு இடம், அதே பேருந்து, அதே கட்டணம்.

ஐந்தாம் நிலையத்தை முதலில் வைப்பதற்கு நிறுவனங்களிடம் காரணம் இருக்கிறது. தூரமான இடத்தை முதலில் முடித்தால் நேரம் கையில் இருக்கும். பனிக்காலத்தில் சாலை மூடும் வாய்ப்பும் உண்டு. பனி விழுந்தால் சுபாரு லைனில் பாதி வழியிலேயே திருப்பிவிடுவார்கள், அதைக் காலையிலேயே தெரிந்துகொண்டால் மாற்று இடம் யோசிக்கலாம். பேருந்து ஓட்டுபவரின் பக்கமிருந்து பார்த்தால் நியாயமான வரிசை. மலையைப் பார்க்க வந்தவரின் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழ்.

சிலர் ஏறுவதற்கான கட்டணத்தையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2025-லிருந்து எல்லாப் பாதைகளிலும் வாங்கும் 4000 யென், ஜூலை முதல் செப்டம்பர் 10 வரையிலான பருவத்தில் ஐந்தாம் நிலையத்துக்கு மேலே ஏறுபவர்களுக்குத்தான். பேருந்தில் வந்து கடையில் காப்பி குடித்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு அது இல்லை.

ஒஷினோவும் திரும்பும் வழியும்

ஒஷினோ ஹக்காயில் 25 நிமிடம்தான் கிடைத்தது, அதுவும் இருட்டும் நேரத்தில். நவம்பர் கடைசியில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். மலைப்பனி உருகி எரிமலைப் பாறைக்குள் இறங்கி, பல ஆண்டுகள் வடிந்து ஊற்றாக வெளிவரும் எட்டுக் குளங்கள் இவை. நடுவில் கடைகளுக்கு மத்தியில் இருக்கும் பெரிய நீலக் குளத்தைச் சுற்றித்தான் கூட்டம் முழுக்க நிற்கும். அது எட்டில் சேர்ந்ததே இல்லை, செயற்கையாக அமைத்தது. வழிகாட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. உண்மையான குளங்களில் வகுயிகே என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஓடினோம்.

கிளம்பும் முன் வழிகாட்டி, கொபொதொகேயில் நெரிசல் இருக்கிறது, 6.30-க்குப் போக முடியாது என்றார். ஒரு ஜோடிக்கு முகம் மாறியது. 7 மணிக்கு எங்கோ இரவு விருந்துக்கு முன்பதிவு செய்து, ரத்துக் கட்டணமும் உள்ள இடம். ஷின்ஜுகுவில் இறங்கும்போது மணி 7.50. வார இறுதி மாலையில் சூவோ சாலையில் டோக்கியோ திரும்புவதென்றால் இதுதான் நிலைமை, இதற்கு நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்று இரவு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம் வைத்திருப்பவர்கள் வாரநாளில் போக வேண்டும்.

தனியாகப் போயிருந்தால்

ஷின்ஜுகுவிலிருந்து கவாகுச்சிகோவுக்கு 2019 மார்ச்சிலிருந்து நேரடி விரைவு ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு வழிக்குச் சுமார் 4000 யென், எல்லாம் முன்பதிவு இருக்கை. விரைவுச்சாலைப் பேருந்தில் அதில் பாதிதான் ஆகும். அரகுராயாமாவுக்கு ஷிமோயோஷிதா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். இரண்டு பேர், நல்ல கால்கள், மலை ஒன்றே குறி என்றால் ரயிலில் போய், கேமரா பார்த்து, தெளிவான நாளைத் தேர்ந்தெடுத்துக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். முன்பதிவு செய்த சுற்றுலாவில் நாளைத் தள்ளிப்போட முடியாது, ரயிலில் முடியும். ஓர் இரவு ஏரிக்கரையில் தங்க முடிந்தால் இன்னும் நல்லது, இரண்டு காலை கிடைக்கும்.

ஆனால் எங்களைப் போல முழங்கால் வலிக்காரரோடு போனால் கணக்கு மாறுகிறது. கவாகுச்சிகோ நிலைய வாசலில் ஒயிஷி பூங்காப் பேருந்துக்கு நிற்கும் வரிசையை வார இறுதியில் பார்த்தவர்களுக்குப் புரியும். அந்தப் பத்தாயிரம் யென்னில் பேருந்து இருக்கைக்கு ஒரு பங்கு, டங்கோசாக்காவில் இரண்டு நிமிடத்தில் எடுத்த முடிவுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்கிறேன்.

சங்கடம் என்னவென்றால், அப்படி முடிவெடுக்கும் வழிகாட்டி கிடைப்பாரா என்பது முன்கூட்டித் தெரியாது. ஜப்பானில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வாங்கி வழிகாட்ட முன்பெல்லாம் அரசுத் தேர்வில் தேறிய உரிமம் கட்டாயம். 2018 ஜனவரியில் சட்டம் மாறி, இப்போது உரிமம் இல்லாதவரும் செய்யலாம். பழக்கத்தால் நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், நிரலை அப்படியே வாசித்துவிட்டுத் தூங்குபவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து ஜனவரியில் நண்பர் குடும்பம் ஒன்று வருகிறது. மூன்று நிறுவனங்களுக்கு எழுதி, முதல் நிறுத்தம் எது, மேகம் இருந்தால் வரிசையை மாற்ற வழிகாட்டிக்கு அதிகாரம் உண்டா என்று இரண்டே கேள்வி கேட்டேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் நிரலின் இணைப்பைத் திரும்ப அனுப்பினார். மூன்றாமவர், வாரநாளில் வாருங்கள், ஏரிக்கரை முதலில், ஐந்தாம் நிலையம் பனி இல்லாவிட்டால் மட்டும், அதுவும் கடைசியில் என்று எழுதியிருந்தார். அவர்களிடம் ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்திருக்கிறேன், மீன் சாறு கூடாது என்ற குறிப்போடு.